பகாசூரனை எடைபோடுங்கள்: வட ஆற்காட்டுப் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களின் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும், அறிவியல் ஆசிரியர்களுக்கும், பள்ளிகளுக்குப் போய் அறிவியல் செய்முறை காட்டும் வானவில் மன்றக் கருத்தாளர்களுக்கும்,

வணக்கம்.

ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்குச் செய்முறை காட்டப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே பெட்டியைத்தான் தூக்கிக்கொண்டு போகிறோம். சோடா உப்பும் வினிகரும் கலந்த எரிமலை, பலூன் ராக்கெட், எலுமிச்சை மின்கலம். அரை மணி நேரம் நல்ல ஆரவாரம் இருக்கும். அடுத்த வாரம் போய்க் கேட்டால், "நுரை வந்துச்சு சார்" என்பதற்கு மேல் ஒன்றும் வராது. அந்த எரிமலையைப் பற்றிப் பிள்ளையின் மனதில் முன்பே ஒரு கேள்வி இருந்ததில்லை; அதனால் விடையும் ஒட்டுவதில்லை.

அதே பிள்ளையிடம் பகாசூரனைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாவில், வண்டி நிறையச் சோற்றோடு பீமன் தெருவில் வருவதைப் பார்த்த பிள்ளை அது. துரியோதனன் வீழும் படுகளத்தன்று களத்தில் மல்லாந்து கிடக்கும் மண் துரியோதனனைச் சுற்றி ஓடியிருக்கும். ஏரிக்கரையில் கொள்ளிவாய்ப் பேய் திரிவதையும், புளியமரத்தடியில் படுக்கக் கூடாது என்பதையும், கிரகணத்தன்று ராகு நிலவை விழுங்குவதையும் வீட்டில் கேட்டு வளர்ந்திருக்கும். அரக்கன் எவ்வளவு பெரியவன், ஒரு வேளைக்கு எவ்வளவு தின்பான், பேயின் வாயில் தீ எப்படி அணையாமல் இருக்கிறது என்ற கேள்விகள் எல்லாம் தயாராக இருக்கின்றன. கேட்கத்தான் வகுப்பில் இடமில்லை.

மாதம் ஒரு பாடவேளையை அரக்கருக்கும் பூதத்துக்கும் ஒதுக்குங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள். அதற்கு ஒரே நிபந்தனை, "பேய் இருக்கா, இல்லையா?" என்று தொடங்காதீர்கள். அந்தக் கேள்வி வகுப்பை ஆசிரியர் கட்சி, பாட்டி கட்சி என்று இரண்டாகப் பிளக்கும். இரண்டு கட்சியிடமும் அளக்க எதுவும் இருக்காது. "அப்படி ஒன்று இருந்தால் அதற்கு என்னென்ன தேவைப்படும்?" என்று தொடங்குங்கள். உடனே அடிக்கோலும் தராசும் வேண்டியிருக்கும். நம்புகிற பிள்ளையும் நம்பாத பிள்ளையும் ஒரே மேசையில் உட்கார்ந்து கணக்குப் போடலாம்.

முதலில் உருவம். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று 140 செ.மீ. உயரம், 35 கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம். அதே பிள்ளையை எல்லாப் பக்கமும் பத்து மடங்கு பெரிதாக்கினால் 14 மீட்டர் உயர அரக்கன் கிடைப்பான். எடை எவ்வளவு என்று கேட்டால் 350 கிலோ என்றுதான் வகுப்பு முழுக்கச் சொல்லும். நீளம், அகலம், கனம் மூன்றும் பத்து மடங்கு என்பதால் எடை ஆயிரம் மடங்கு: 35,000 கிலோ, அதாவது 35 டன். ஏழெட்டு ஆண் யானைகளின் எடை. ஆனால் அவனைத் தாங்கும் காலெலும்பின் குறுக்குப் பரப்பு நூறு மடங்குதான் கூடியிருக்கிறது. எலும்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் பத்துப் பங்கு அதிகச் சுமையைத் தாங்க வேண்டும். எழுந்து ஓர் அடி வைத்தால் தொடையெலும்பு முறியும்.

இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் பாதிப் பேருக்குத்தான் ஏறும். களிமண்ணில் செய்தால் எல்லாருக்கும் ஏறும். இரண்டு கால் உருவம் தானே சாயும் என்பதால் நான்கு கால் யாளியை எடுத்துக்கொள்ளுங்கள். வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபத்தில் பிள்ளைகள் பார்த்த யாளிதான். சின்ன யாளிக்கு உடல் 4 செ.மீ. நீளம், 2 செ.மீ. விட்டமுள்ள உருளை, கால்கள் ஒவ்வொன்றும் 2 செ.மீ. நீளம், அரை செ.மீ. விட்டம். பெரிய யாளிக்கு எல்லா அளவும் சரியாக நான்கு மடங்கு: உடல் 16 செ.மீ. நீளம், 8 செ.மீ. விட்டம், கால் 8 செ.மீ. நீளம், 2 செ.மீ. விட்டம். சின்ன உடல் இருபது கிராமுக்குக் கொஞ்சம் மேல் வரும். பெரியது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. எடை 64 மடங்கு, காலின் பரப்பு 16 மடங்கு, ஆகவே கால் மண் தாங்க வேண்டிய அழுத்தம் 4 மடங்கு. சின்னது நிற்கும். பெரியதை நிறுத்திக் கையை எடுத்தால் கால்கள் பிதுங்கி, வளைந்து, உட்கார்ந்துவிடும்.

இதில் தவறுவது இரண்டு இடத்தில். மண் கெட்டியாக இருந்தால் பெரிய யாளியும் கம்பீரமாக நிற்கும், பாடம் போய்விடும். குயவர் சக்கரத்தில் ஏற்றும் பதம் வேண்டும்: கட்டைவிரலை லேசாக அழுத்தினாலே தடம் விழ வேண்டும், விரலில் மண் ஒட்டக் கூடாது. கெட்டியாக இருந்தால் கையை நனைத்துப் பிசைந்து பத்து நிமிடம் ஈரத்துணி போட்டு மூடிவைத்தால் பதம் வந்துவிடும். இரண்டாவது, பிள்ளைகளின் கை. பெரிய உருவம் சரியப் போகிறது என்று தெரிந்ததும் கேட்காமலேயே காலைப் பருமனாக்கிவிடுவார்கள். அளவுகோல் வைத்துச் சரிபார்க்காவிட்டால் ஒவ்வொரு குழுவின் யாளியும் நின்றுவிடும். ஆனால் திட்டாதீர்கள். "ஏன் காலைத் தடித்தாய்?" என்று கேளுங்கள். யானையின் கால் ஏன் தூண் போலவும் மானின் கால் ஏன் குச்சி போலவும் இருக்கிறது என்பதற்கு விடை அந்தப் பிள்ளையின் கையிலேயே இருக்கிறது. "அப்போ டைனோசர் மட்டும் எப்படி நின்னுச்சு?" என்று ஒரு குரல் கட்டாயம் வரும். அதற்காகவே காத்திருங்கள். நெடுங்கழுத்து டைனோசர்களுக்கு நான்கு தூண் கால்கள், கழுத்தெலும்புகளுக்குள் காற்றறைகள். அவை வெறுமனே பெரிதாக்கப்பட்ட பல்லிகள் அல்ல.

கோட்டைக்கு அழைத்துப் போக முடிந்தால் ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள்: அங்குள்ள யாளிகள் தனியே நிற்கவில்லை, தூணோடு சேர்த்து ஒரே கல்லில் செதுக்கப்பட்டவை. அது ஏன் என்று பிள்ளைகளே சொல்லட்டும்.

படுகளம் நடக்கும் ஊர்களில் மண் துரியோதனனை அளக்கலாம். பூசைக்கு முந்தின நாள், கோயில் தருமகர்த்தாவிடமும் உருவம் செய்பவரிடமும் கேட்டுவிட்டு, உருவத்தைத் தொடாமல் பக்கவாட்டில் கயிறு பிடித்து நீளம் எடுங்கள். அந்த நீளத்தைத் தங்கள் உயரத்தால் வகுத்து, வரும் எண்ணை மூன்று முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்கினால் எடை எத்தனை மடங்கு என்று கிடைக்கும். நடுவில் வந்து வேடிக்கை பார்க்கும் பெரியவர்கள் தாங்களே கணக்கில் இறங்கிவிடுவார்கள், இடம் கொடுங்கள்.

அடுத்து, பகாசூரனின் சோறு. எட்டாம் வகுப்புக்கு இது பொருந்தும், வர்க்கமூலம் தெரிந்தால் போதும். 35 கிலோ பிள்ளைக்கு நாளைக்குச் சுமார் 2,000 கிலோ கலோரி வேண்டும். எல்லாமே அரிசி என்று வைத்தால் 570 கிராம் அரிசி. ஆயிரம் மடங்கு எடையுள்ள அரக்கனுக்கு 570 கிலோ, அதாவது நூறு கிலோ மூட்டையில் ஐந்தரை மூட்டைக்கு மேல் வேண்டும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். அங்கே நிறுத்தி ஒரு சிக்கலைக் காட்டுங்கள். உணவெல்லாம் கடைசியில் வெப்பமாக வெளியேற வேண்டும். அரக்கனின் உடம்பு ஆயிரம் மடங்கு, தோலின் பரப்போ நூறு மடங்குதான். உடம்பின் ஒவ்வொரு கிலோவும் பிள்ளையின் உடம்பைப் போலவே எரித்தால் வேலூர் மே மாத வெயிலில் அவன் உள்ளுக்குள்ளேயே வெந்துபோவான். பெரிய விலங்குகளின் உடல் ஒரு கிலோவுக்குக் குறைவாகவே எரிக்கிறது. சுண்டெலி தன் எடையோடு ஒப்பிட்டால் மிக அதிகமாகத் தின்கிறது. மாக்ஸ் கிளைபர் என்ற உயிரியல் அறிஞர் 1932இல் இதை ஒரு விதியாகத் தந்தார்: தேவைப்படும் ஆற்றல், எடையின் முக்கால் அடுக்குக்கு ஏற்பக் கூடுகிறது.

முக்கால் அடுக்கு என்றதும் மிரள வேண்டாம். 1,000க்கு வர்க்கமூலம் ஏறத்தாழ 31.6. அதற்கு மறுபடி வர்க்கமூலம் 5.62. இரண்டையும் பெருக்கினால் 178 வரும். 570 கிராமை 178ஆல் பெருக்கினால் நூறு கிலோவுக்குச் சற்று மேல்: ஒரு மூட்டை அரிசி, வடித்தால் ஒரு வண்டிச் சோறு. ஏகசக்கரபுரத்தார் வண்டி கட்டி அனுப்பிய கணக்கு ஒன்றும் அத்தனை மோசமில்லை என்று வகுப்பு சிரிக்கும். அந்தச் சிரிப்போடு நிறுத்துங்கள். "பார்த்தீர்களா, நம் முன்னோருக்கு கிளைபர் விதி தெரிந்திருக்கிறது" என்று யாரும் தாவிவிடக் கூடாது. பத்து மடங்கு உயரம் என்பது நாம் வைத்துக்கொண்ட எண். இருபது மடங்கு என்று வைத்தால் விடை மாறும். மாற்றிப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் பகுதியில் கூத்து ஜமா (தெருக்கூத்துக் குழு) இருந்தால், மரக் கிரீடமும் அணிகளும் பூண்டு கட்டை வேஷம் கட்டுகிற ஒருவரை ஒரு மணி நேரம் அழைக்கலாம். கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் ஒவ்வொன்றையும் தராசில் வைத்து எடை பார்க்கட்டும்; வேஷம் கட்டுமுன்னும் பின்னும் அவருடைய உயரத்தையும் தோள் அகலத்தையும் அளக்கட்டும். ஆளைப் பெரிதாகக் காட்டுவது எது என்று அளவுகளே சொல்லும். அவருக்கு வழிச்செலவும் மதிப்பூதியமும் கொடுங்கள், பொன்னாடையோடு அனுப்பிவிடாதீர்கள்.

இனி கொள்ளிவாய்ப் பேய். கவனம் மிகத் தேவைப்படும் இடம் இது. நம்மில் பலரும் "அது சதுப்பு நிலத்து மீத்தேன் தீப்பிடிப்பது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். ஏரிச் சேற்றில் இலைதழை மட்கி மீத்தேன் வருவது உண்மை. அலெஸ்ஸாண்ட்ரோ வோல்டா 1776இல் இத்தாலியின் மஜ்ஜோரே ஏரியோரச் சேற்றைக் குச்சியால் கிளறி, எழுந்த குமிழிகளைப் பிடித்து எரித்துக் காட்டினார். ஆனால் மீத்தேன் தானாகப் பற்றிக்கொள்ளாது; அதற்கு 500 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடோ ஒரு பொறியோ வேண்டும். ஏரியில் தீக்குச்சி கிழித்தது யார்? மட்கும்போது சிறிதளவு உண்டாகக்கூடிய பாஸ்பரஸ் சேர்ந்த வாயுக்கள் காற்றுப் பட்டதும் பற்றிக்கொள்ளும் என்று ஒரு விளக்கம் உண்டு. சூடில்லாத வேதி ஒளி என்று இன்னொன்று. முடிந்த முடிவாக எதுவும் நிறுவப்படவில்லை. அப்படியே சொல்லுங்கள். அறிவியலில் இன்னும் மூடப்படாத கணக்கு தன் ஊர் ஏரிக்கரையிலேயே ஒன்று இருக்கிறது என்று தெரியும் பிள்ளை, விடை தெரிந்த பிள்ளையைவிட நெடுநாள் யோசிக்கும்.

செய்முறைக்குச் சாணம் போதும். ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் 200 கிராம் பச்சைச் சாணம், 200 மி.லி. ஏரி அல்லது கிணற்றுத் தண்ணீர். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரானால் ஒரு நாள் திறந்த வாளியில் வைத்துப் பிறகு ஊற்றுங்கள். குலுக்கி, வாயில் பலூன் மாட்டி, ரப்பர் பேண்டால் இறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். பாட்டிலுக்குக் கறுப்புத்துணி சுற்றி வெதுவெதுப்பான மூலையில் வைத்தால் சில நாட்களில் பலூன் நிமிரத் தொடங்கும். முதலில் வருவது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. மீத்தேன் கூடுவதற்கு ஒன்றிரண்டு வாரம் ஆகும். பலூன் நிமிரவில்லையானால் மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும்: சாணம் காய்ந்தது, பலூன் கழுத்தில் கசிவு, அல்லது மார்கழிக் குளிர். பாட்டிலைப் பாதிக்கு மேல் நிரப்பினால் நுரை பலூனுக்குள் ஏறிவிடும். திருகுமூடி போட்டு இறுக்கவே கூடாது; பாட்டில் வெடித்து வகுப்பு முழுக்கச் சாணம்.

"பத்த வெச்சுக் காட்டுங்க சார்" என்பார்கள். வகுப்பில் கூடாது. பலூனில் காற்றும் கலந்திருந்தால் அது எரியாது, வெடிக்கும். ஊரில் சாண எரிவாயுக் கலன் உள்ள வீடு இருந்தால் அழைத்துப் போய் அந்த அடுப்பின் நீலச் சுடரைக் காட்டுங்கள். அதே போல பட்டாசு மருந்து, தீப்பெட்டி மருந்து, எலிப்பாஷாணம் எதையும் "பாஸ்பரஸ் காட்ட" என்று தொடாதீர்கள். வாயில் மண்ணெண்ணெய் வைத்துத் தீ ஊதும் வித்தையைப் பற்றிப் பேச்சு வந்தால், மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் வீட்டுக் கொல்லையில் யாராவது முயன்று பார்ப்பார்கள்.

தீயில்லாத பேய் வெளிச்சத்துக்கு மஞ்சள்தூள் இருக்கிறது. அரை டீஸ்பூன் மஞ்சள்தூளை 50 மி.லி. ஆல்கஹால் சேர்ந்த கை சானிடைசரில் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் கண்ணாடிக் குப்பியில் ஊற்றுங்கள். கள்ள நோட்டுப் பார்க்கும் புற ஊதா டார்ச்சை இருட்டறையில் அதன்மேல் அடித்தால் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். தண்ணீரில் கலக்கினால் ஒளிராது, மஞ்சளின் நிறப்பொருள் தண்ணீரில் சரியாகக் கரைவதில்லை. கூழ் மாதிரியான சானிடைசரும் சரிவராது. தண்ணீர் போல ஓடுவதை வாங்குங்கள். சானிடைசர் எளிதில் தீப்பிடிக்கும், பக்கத்தில் விளக்கு, மெழுகுவத்தி இருக்கக் கூடாது. டார்ச்சைக் கண்ணில் அடிக்கக் கூடாது. வெளிச்சத்தைத் திருப்பும்போது எதிரில் இருக்கிற பிள்ளைகளின் சட்டையும் நீலமாக மின்னும், கூச்சல் அடங்க ஐந்து நிமிடம் பிடிக்கும். சலவைத்தூளில் சேர்க்கப்படும் வெண்மையூட்டிகள் செய்கிற வேலை அது. துவைக்காத புதுத் துணியையும் துவைத்த துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லலாம்.

புளியமரத்துக்கு வருவோம். "பேயெல்லாம் இல்லை, இரவில் மரம் கார்பன் டை ஆக்சைடு விடுகிறது, அதனால்தான் மூச்சு முட்டுகிறது" என்று பள்ளி மேடைகளில் பல காலமாகச் சொல்லி வருகிறோம். இது பேய்க்கதையைவிட மோசம், ஏனென்றால் அறிவியல் வேஷம் கட்டி வருகிறது. இரவில் மரம் சுவாசிப்பது உண்மை. ஆனால் திறந்தவெளியில் அந்த வாயு உடனுக்குடன் கலைந்துபோகிறது. ஆளை மூச்சுமுட்ட வைக்கும் அளவுக்குச் சேர்வதில்லை. சாத்திய அறைக்குள் பக்கத்தில் படுத்திருக்கும் தம்பி விடும் மூச்சைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

இதையும் அளந்தே காட்டலாம். வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு டீஸ்பூன் எடுத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கி இரவு முழுக்கத் தெளியவிடுங்கள். காலையில் கலங்காமல் மேல்நீரை இறுத்து, பாட்டிலின் கழுத்துவரை நிரப்பி மூடிவையுங்கள். பாதி பாட்டிலாக வைத்தால் உள்ளிருக்கும் காற்றே ஏடு படியவைத்துவிடும். ஒரு பிள்ளை உறிஞ்சுகுழாயால் இந்தத் தெளிநீரில் ஊதட்டும். சீக்கிரமே பால்போல ஆகும். நாம் விடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 4 சதவீதம், வெளிக்காற்றில் 0.04 சதவீதம். குழாயில் நீர்மட்டத்துக்கு மேலே ஊசியால் ஒரு துளை போட்டுவிட்டால் மறந்து உறிஞ்சினாலும் நீர் வாய்க்கு ஏறாது. கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தெறித்தால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி மருத்துவரிடம் காட்ட வேண்டும். விடாமல் ஊதினால் பால்நிறம் மறைந்து மறுபடி தெளியும். செய்முறை கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள், கரையாத கார்பனேட் கரையும் பைகார்பனேட்டாக மாறியிருக்கிறது.

மறுபக்கம், ஒரே அளவுள்ள இரண்டு அகன்ற வாய் ஜாடிகள். ஒன்றில் கைப்பிடி இலையுள்ள புளியங்கொம்பு, சின்னக் கிண்ணத்தில் தெளிநீர். இன்னொன்றில் தெளிநீர் மட்டும். இரண்டையும் மூடித் துணி சுற்றி ஓர் இரவு வையுங்கள். காலையில் இரண்டிலும் மெல்லிய ஏடு இருக்கும். கொம்பு வைத்ததில் கொஞ்சம் கூடுதல். இரண்டாவது ஜாடியை வைக்காமல் விடுவதுதான் இதில் வழக்கமாக நடக்கும் பிழை. அது இல்லாவிட்டால் படிந்த ஏடு முழுவதையும் மரத்தின் கணக்கில் எழுதிவிடுவோம்.

ஒன்பது, பத்தாம் வகுப்பில் அமுக்குவான் பேயைப் பற்றிப் பேசலாம். கனவு காணும் உறக்கநிலையில் மூளை கைகால் தசைகளைத் தற்காலிகமாகத் தளர்த்தி வைத்திருக்கிறது. அந்தத் தளர்ச்சி நீங்குமுன் விழிப்பு வந்துவிட்டால் கண் திறந்திருக்கும், உடம்பு அசையாது, நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கும். தூக்கம் கெட்ட நாட்களிலும் மல்லாந்து படுக்கும்போதும் இது அதிகம் வரும். தேர்வுக்காலத்தில் சொன்னால் கேட்பார்கள்.

ராகு கேதுவுக்கு ஒரு மேசைப்பந்தும் ஒரு களிமண் மணியும் போதும். பந்து 4 செ.மீ., அது பூமி. மணி 1.1 செ.மீ., அது நிலவு. இடைத்தூரம் 1.2 மீட்டர், நீளக் குச்சியின் இரு முனைகளிலும் குத்திவையுங்கள். பாடநூல் படத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்த கண்ணுக்கு இந்தத் தூரமே அதிர்ச்சியாக இருக்கும். காலை வெயிலில் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, மணியின் நிழலைப் பந்தின்மேல் விழச் செய்ய வேண்டும். சூரியனை யாரும் பார்க்கக் கூடாது, நிழலை மட்டும் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். குச்சி துளி அசைந்தாலும் நிழல் தப்பிவிடும். நிழல் மங்கலான புள்ளியாகத்தான் விழும், அது பிழையல்ல: இந்த அளவில் மணியின் முழுநிழல் 1.2 மீட்டர் தூரத்தில்தான் முடிகிறது. நிலவு சற்றே தள்ளிப்போனால் முழுச் சூரிய கிரகணத்துக்குப் பதில், சுற்றிலும் ஒளி வளையம் தெரியும் கங்கண கிரகணம் வருவதும் இதனால்தான்.

வானில் சூரியன் செல்வதாகத் தெரியும் பாதைக்கு நிலவின் பாதை சுமார் 5 பாகை சாய்ந்திருக்கிறது. நம் குச்சியில் அது மணியைப் பத்து செ.மீ. மேலோ கீழோ தூக்கிவிடும். பந்தே 4 செ.மீ. தான். மாதாமாதம் அமாவாசை வந்தும் மாதாமாதம் கிரகணம் வராததற்கு இதுவே காரணம். இரண்டு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் இரண்டு இடங்களைத்தான் சோதிடமும் வானியலும் ராகு, கேது என்கின்றன. அந்த இடங்கள் பின்னோக்கி நகர்ந்து ஒரு சுற்று முடிக்க 18.6 ஆண்டு ஆகிறது. கிரகணம் நிழலால் வருகிறது என்று 499ஆம் ஆண்டிலேயே ஆரியபட்டர் எழுதிவைத்தார். நம் ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகமும் அதன் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் இருக்கின்றன. முன்கூட்டி எழுதிக் கேட்டு அழைத்துப் போகப் பாருங்கள்.

வெளிநாட்டுப் பூதங்களில் இரண்டு போதும். ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரிப் பூதத்தின் புகழ்பெற்ற 1934ஆம் ஆண்டுப் படம் பொம்மையை வைத்து எடுத்த மோசடி என்பது பின்னால் வெளிப்பட்டது. 2018இல் ஏரித் தண்ணீரை மொண்டு, அதில் உதிர்ந்து கிடக்கும் மரபணுத் துணுக்குகளை ஆராய்ந்தார்கள். ஊர்வன எதன் தடயமும் இல்லை, விலாங்கு மீனின் தடயம் ஏராளம். இமயமலைப் பனிமனிதனான 'எட்டி'யுடையவை என்று பாதுகாக்கப்பட்ட ஒன்பது மாதிரிகளை 2017இல் சோதித்தபோது எட்டு கரடியாகவும் ஒன்று நாயாகவும் முடிந்தது. கடற்கன்னி கரையொதுங்கியது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் காணொளிக்கு இந்த இரண்டும் நல்ல மருந்து: படத்தைக் கேட்காதே, மாதிரியைக் கேள்.

எலும்புக்கு ஒரு சுற்றுலா. விழுப்புரம் மாவட்டத் திருவக்கரையில் தேசியக் கல்மரப் பூங்கா இருக்கிறது. ஏறத்தாழ 2 கோடி ஆண்டு பழைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. வக்கிராசுரனின் எலும்புகள் என்று அவற்றுக்குக் கதையும் உண்டு. பேருந்தில் ஏறுமுன் வகுப்பில் ஒன்று செய்துவிடுங்கள். சதை முழுக்க நீக்கிய கோழிக்கால் எலும்பை வெள்ளை வினிகரில் மூழ்கவையுங்கள். மூன்றாம் நாள் வினிகரை மாற்றுங்கள், மூடியை இறுக்க வேண்டாம். ஒரு வாரத்தில் எலும்பு ரப்பர் மாதிரி வளையும், தாதுப்பொருள் கரைந்து புரதம் மட்டும் மிஞ்சியதால். சதை ஒட்டியிருந்தால் நாறும். எலும்பைத் தொடத் தயங்கும் பிள்ளைகளுக்கு முட்டையோடு. பிறகு திருவக்கரையில் ஒரே கேள்வி: இது எலும்பா, மரமா, எதை வைத்துச் சொல்வாய்? குறுக்குவெட்டில் தெரிவது என்ன என்று வரையட்டும். கல்மரத்தைக் கீறவோ, சில்லு எடுக்கவோ கூடாது.

செய்யக் கூடாதவை சில. ஐந்தாம் வகுப்புக்குக் கீழே இருட்டறையும் பேய்ப் பேச்சும் வேண்டாம். யாளி மட்டும் செய்யட்டும். முனீஸ்வரன், அங்காளம்மன், ஐயனார் ஆகியோரைப் பூதப் பட்டியலில் சேர்க்கவே கூடாது. அவர்கள் பல வீடுகளில் குலசாமி. மாசியில் மயானக் கொள்ளைக்குப் பாலாற்றங்கரைக்குப் போய்வந்த பிள்ளை மறுநாள் உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும். ஊரில் துர்மரணம் அடைந்தவர் பெயரால் வழங்கும் பேய்க்கதைகளை எடுக்காதீர்கள். அந்த வீட்டுப் பிள்ளை அதே பெஞ்சில் இருக்கலாம், பெரும்பாலும் அந்தக் கதைக்குள் சாதியும் ஒளிந்திருக்கும். உண்மையிலேயே பயந்துபோன பிள்ளை, குரல் கேட்கிறது என்று சொல்லும் பிள்ளை, இவையெல்லாம் செய்முறையால் தீர்வதல்ல. பெற்றோரிடமும் மருத்துவரிடமும் பேசுங்கள், குழந்தைகள் உதவி எண் 1098உம் இருக்கிறது. தேர்வில் "பேய் இல்லை என்பதற்கு மூன்று காரணங்கள் தருக" என்று கேட்டுத் தொலைக்காதீர்கள்.

முதன்மைக் கல்வி அலுவலர்களுக்கு ஒரு விண்ணப்பம். இதைப் போட்டியாகவோ தெர்மாகோல் கண்காட்சியாகவோ மாற்றி மாவட்ட அளவில் பரிசு வைத்துவிட வேண்டாம். ஒரு பள்ளிக்கு வேண்டியது பத்துக் குழுவுக்கு இருபது கிலோ களிமண், ஒரு சமையலறைத் தராசு, ஒரு புற ஊதா டார்ச், சுண்ணாம்பு, வினிகர், மேசைப்பந்து. இவற்றைப் பள்ளியே வாங்கிக்கொள்ள அனுமதித்தால் போதும்.

காலம் பார்த்துச் செய்யுங்கள். சாணப் பாட்டில் ஜூலை, ஆகஸ்டில் வேலை செய்யும், டிசம்பரில் சோம்பும். யாளியும் பகாசூரனும் பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளையொட்டி வரட்டும், பாரதம் தொடங்குமுன் பிள்ளைகள் கையில் கணக்கு இருக்கும். ராகுவுக்கு நாள் குறிக்கப்பட்டுவிட்டது: 2028 டிசம்பர் 31 இரவு முழு நிலவு மறைப்பு, பத்தரை மணி வாக்கில் உச்சம், நம் வானில் முழுக்கத் தெரியும். அரையாண்டு விடுமுறைக்குள் விழுகிறது, பள்ளி பூட்டியிருக்கும். எந்த ஊரில் எந்த மாடி, சாவி யாரிடம், பிள்ளைகளைத் திரும்ப வீட்டில் சேர்ப்பது யார் என்பதை விடுமுறை விடுமுன்பே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பள்ளிகளில் அறிவியல் செய்முறை நடத்தும் சிலர்,
வேலூர்.